விரிக்காத பாய்

மன்னாரிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் வீதியில், பனங்கூடலினூடே கடல் கண்ணிற் படத் தொடங்கும் ஓரிடத்தில், எங்கள் குடும்பத்தின் வலைக்கொட்டில் நிற்கிறது. சென்ற ஆண்டு அதன் வீதிப்பக்கச் சுவரிலே எட்டடிச் சதுரமான பலகையொன்றை மாட்டினோம். சிவப்பும் பச்சையும் ஊதாவும் காய்ந்த ஓலையின் வெளிர்மஞ்சளுமாக அதிலே கட்டங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. வீதியாற் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். "எந்தக் கட்சியின் கொடி?" என்று கேட்டவர் உண்டு. "எந்தக் கம்பனியின் விளம்பரம்?" என்று கேட்டவரும் உண்டு. "இது ஒரு பாய்" என்று நாங்கள் பதில் சொல்லி வருகிறோம். அந்தப் பதில் எளிது. "யாருடைய பாய்?" என்ற அடுத்த கேள்விக்கு விடை கூறுவதுதான் எங்களுக்குக் கடினமாயிற்று. அந்தக் கடினத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

எங்கள் அம்மம்மா பாய் இழைத்தவர். எங்கள் தீவிலே ஒரு காலத்தில் ஓலை தொடாத பெண்கள் அரியர். ஆண்கள் கடலுக்குப் போனார்கள். கடல் கொடுத்த நாளில் உலை கொதித்தது. சோளகம் சீறி அடிக்கும் மாதங்களிலும், வாடைக்காற்று வள்ளங்களைக் கரையில் கட்டிப்போடும் நாட்களிலும் அடுப்பை அணையாமற் காத்தது பனைதான். குருத்து விரியுமுன் வெட்டிய சார்வோலையை வெயிலிற் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து சுருட்டி வைப்பார்கள். வெயில் ஏறினால் ஓலை முறியும். ஆகவே பனியீரம் நிற்கும் விடியற்காலையிலும், விளக்கு வைத்த பின்பும் இழைப்பார்கள். பகலெல்லாம் சமையல், தண்ணீர், கருவாடு. இரவும் விடியலும் ஓலை. கடகம், சுளகு, நீற்றுப்பெட்டி, உமல், பாய் என்று வீட்டுக்கு வேண்டியவை யாவும் அந்தக் கைகளிலிருந்தே வந்தன. மிஞ்சியதை வியாபாரி வந்து எண்ணி எடுத்துச் சென்றான். விலையையும் அவனே சொன்னான்.

ஒருமுறை குடிசனக் கணக்கெடுக்க வந்த உத்தியோகத்தர், வீட்டுப் பெண்ணின் தொழில் யாதென்று வினவினாராம். "தொழிலொன்றுமில்லை, வீட்டிற் சும்மா இருக்கிறா" என்று அம்மப்பா பதிலளித்தாராம். அந்த வேளையிலும் அம்மம்மாவின் விரல்கள் ஓலையில் ஓடிக்கொண்டிருந்தன என்று எங்கள் அம்மா சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பிலே நகைச்சுவையைக் காட்டிலும் வேறொன்று இருந்ததை நாங்கள் வளர்ந்த பின்னரே உணர்ந்தோம்.

அம்மம்மா 2008இல் இறந்தார். அவருடைய பெட்டகத்தின் அடியிலே வெள்ளைத் துணியிற் சுற்றி, வேப்பிலை இட்டு வைத்த பாயொன்று இருந்தது. மற்றப் பாய்கள் எல்லாம் விரிக்கப்பட்டுத் தேய்ந்து அடுப்புக்குப் போயின. இந்த ஒன்றை மாத்திரம் விரிக்கக்கூடாது என்று அவர் கட்டளையிட்டிருந்தார். எங்கள் அம்மாவின் கலியாணத்துக்கும் அது வெளியே வரவில்லை. போர்க்காலத்தில் ஒருமுறை ஊரே எழுந்து மடுவுக்கு ஓடியபோது, கட்டிலையும் பெட்டகத்தையும் விட்டுச் சென்றவர் இந்தப் பாயைத் தோளிற் சுமந்து சென்றார். மடுக்கோயில் வளவிலே வெறுந்தரையிற் படுத்த இரவுகளிலும் அதை அவர் விரிக்கவில்லை. தமது கைவேலையிற் சிறந்தது இதுவென்று அவர் எண்ணியிருந்தார் போலும் என்றே நாங்கள் கருதினோம். கலைஞனுக்குத் தன் படைப்பின்மேல் இருக்கும் பெருமை ஒரு பாய்காரிக்கும் இருக்கக்கூடாதா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

இனிப் பலகை வந்த கதையைக் கூறவேண்டும். போர்க்காலத்திற் புலம்பெயர்ந்து கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் எங்கள் ஒன்றுவிட்ட தங்கை ஒரு படம் அனுப்பியிருந்தாள். வயல்களுக்கு நடுவே மரத்தாலான பெரிய வைக்கோற் கொட்டில். அதன் நெற்றியிலே நிறக்கட்டங்கள் தீட்டிய சதுரப் பலகை. "இது போர்வைக் கோலமாம். இந்தப் பக்கத்துப் பெண்கள் தைத்த போர்வையின் கோலத்தைக் கொட்டிலிற் தீட்டுகிறார்கள். எனக்கு அம்மம்மாவின் பாய் நினைவுக்கு வந்தது" என்று எழுதியிருந்தாள்.

அந்நாட்டுப் போர்வைகள் எமக்குப் புதியவை. குளிர் மிகுந்த அந்த மண்ணிலே ஏழை உழவர் வீட்டுப் பெண்கள், கிழிந்த சட்டை, பழைய பாவாடை, மாச்சாக்கு முதலியவற்றின் துண்டுகளைக் கோலம் பொருந்த ஒட்டுப்போட்டு, நடுவே பஞ்சு வைத்துத் தைத்துப் பிள்ளைகளைப் போர்த்தினார்கள். அந்தக் கோலங்களுக்கு நட்சத்திரம், நத்தைத்தடம் என்றெல்லாம் பெயர்கள் உண்டு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் அடம்ஸ் மாவட்டத்திலே டொனா சூ குரோவ்ஸ் என்ற பெண்மணி வாழ்ந்தார். அவருடைய தாய் மாக்சின் குரோவ்ஸ் போர்வை தைப்பதிற் கைதேர்ந்தவர். தங்கள் நிலத்தில் நின்ற புகையிலைக் கொட்டிலின் சுவரிலே தாயைப் பெருமைப்படுத்த ஒரு போர்வைக் கோலத்தைத் தீட்டுவதாக மகள் வாக்களித்திருந்தார். வாக்குப் பல ஆண்டுகள் வாக்காகவே கிடந்தது. பின்னர் ஊராரோடு கூடிப் பேசியபோது, ஒரு கொட்டிலோடு நில்லாமல் மாவட்டம் முழுவதும் வீதியோரக் கொட்டில்களிலே இருபது கோலங்களைத் தீட்டலாம் என்ற எண்ணம் உருவாயிற்று. 2001இல் முதற் கோலம் எழுந்தது. அது எழுந்த இடம் அயலிலிருந்த வேறொருவருடைய கொட்டில். அவருடைய தாயின் கொட்டிலுக்குக் கோலம் பின்னரே வந்தது. தன் வீட்டு நினைவுக்காகத் தொடங்கிய வேலை அயல்வீட்டிலே முதலில் நிறைவேறியது என்ற இந்தச் சிறு செய்தியை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். நாங்கள் அதை வாசித்தும் மனத்திற் கொள்ளவில்லை.

நாங்கள் மூவர். ஒருவர் பாடசாலை ஆசிரியர். ஒருவர் கடலுக்குப் போகிறவர். ஒருவர் தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவர். மூவரும் கூடி அம்மம்மாவுக்கு இப்படியொரு மரியாதை செய்வதென்று தீர்மானித்தோம். பெரிய மனிதர்களுக்குச் சிலையும் வீதிப்பெயரும் உண்டு. பாய் இழைத்தவளுக்கு ஏன் ஒரு சுவர் இருக்கக்கூடாது?

எட்டடிக்கு நாலடியான ஒட்டுப்பலகைகள் இரண்டை அருகருகே வைத்து மரச்சட்டத்தில் ஆணியடித்தோம். உப்புக்காற்று பலகையின் விளிம்பிலேதான் முதலிற் பல் பதிக்கும் என்று கடலுக்குப் போகிறவர் எச்சரித்தார். ஆகவே முன்னும் பின்னும் விளிம்பிலும் அடிப்பூச்சை இருமுறை பூசினோம். பிறகு பெட்டகத்தைத் திறந்து அந்தப் பாயை முதன்முறையாக விரித்தோம். கண்கள் மூலைவாட்டில் ஓடின. பாயை மூலைதிருப்பி வைத்தபோது அவை நேராக நின்றன. கட்டத்துக்கு நான்கு அங்குலம் என்று கணக்கிட்டு, 24 வரிசையும் 24 நிரையுமாக 576 கட்டங்களை நூல் பிடித்து வரைந்தோம். ஆசிரியரின் மாணவர் சிலரும் தூரிகையுடன் வந்தார்கள்.

வரையும்போது ஒரு சங்கடம் தோன்றியது. பாயின் இரு பாதிகளும் ஒன்றுபோல இருக்கவில்லை. இடப்பாதியிலே கண்கள் நெருக்கமாக இருந்தன. பச்சை வரிகள் மூன்று மூன்றாக ஓடின. வலப்பாதியிலே இழை சற்றுத் தளர்ந்திருந்தது. பச்சை இரண்டு இரண்டாகவே வந்தது. இரண்டும் கூடும் இடத்தில் ஊதா வரியொன்று முறிந்து ஒரு கண் தள்ளி நின்றது. பிற்காலத்தில் அம்மம்மாவின் கண் மங்கியிருக்கும், அல்லது சாயம் போதாமற் போயிருக்கும் என்று முடிவு செய்தோம். பார்க்கிறவர்கள் குறை சொல்லக்கூடாதே என்ற எண்ணத்தில், நேர்த்தியான இடப்பாதியை எடுத்து அதையே வலப்பக்கத்திலும் எழுதினோம். கோலம் ஒழுங்காயிற்று. கீழே அம்மம்மாவின் பெயரையும், "இழைத்தவர்" என்ற சொல்லையும் எழுதிப் பலகையைச் சுவரில் ஏற்றினோம்.

பலகை ஏறி இரண்டு வாரம் சென்றிருக்கும். ஒரு காலையில் ஓட்டோவொன்று வீதியிற் சென்று, சிறிது தூரம் போய், திரும்பி வந்து நின்றது. அதிலிருந்து முக்காடிட்ட முதியவர் ஒருவர் பேத்தியின் கையைப் பிடித்து இறங்கினார். எங்கள் அம்மா அவரைக் கண்டதும், "ராத்தா!" என்று எழுந்து ஓடினார். அயற்கிராமத்தவர், அம்மம்மாவின் காலத்திலே எங்கள் வேலிக்கு அப்பால் நான்கு வீடு தள்ளி வாழ்ந்தவர். 1990இன் பின்னர் அவர் வாழ்ந்தது புத்தளத்துப் பக்கத்திலே. போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகே இங்கு மீண்டு வந்திருந்தார்.

அவர் எவருடனும் பேசாமற் பலகையை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இது என்ட பாயெல்லோ" என்றார்.

நாங்கள் திகைத்தோம்.

"பச்சைய மூணு மூணாப் போடுறது எங்கட உம்மா காட்டித் தந்தது. ஒங்கட அம்மம்மா எப்பவும் ரெண்டுதான் போடுவா. ஏனெண்டு கேட்டா, சாயக்காசு மிச்சம் எண்டு சிரிப்பா. அவட கை இதில எங்க, புள்ள?"

பாயைக் கொண்டுவந்து அவர் முன்னே விரித்தோம். அவர் குனிந்து, இரு பாதிகளும் கூடும் இடத்தை விரலால் தடவினார். முறிந்து நின்ற ஊதா வரியில் விரல் தங்கியது. "இதோட விட்டுப்போட்டுத்தான் போனன்" என்றார். அதன் பின்னர் நடந்ததை எங்கள் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

இக்கரை மனிதரை இறக்கியும் ஏற்றியும் பழகிய கரை என்பதை வரலாறு படித்தோர் அறிவர். 19ஆம் நூற்றாண்டிலே மலைநாட்டுத் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் இக்கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் நோயாலும் பசியாலும் வீழ்ந்தோர் பலர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னர் அவர்களுடைய மக்களும் பேரரும் தலைமன்னாரிலே கப்பலேற்றப்பட்டு, தாங்கள் கண்டிராத "தாயகத்துக்கு" அனுப்பப்பட்டார்கள். வந்தவர் கையிலும் போனவர் கையிலும் இருந்த சொத்து சுருட்டிய பாய்தான்.

1990 ஒக்டோபர் கடைசியில் இத்தீவின் முஸ்லிம் மக்களுக்கு அந்தப் பாயைச் சுருட்டவும் அவகாசம் கிடைக்கவில்லை. வடமாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேறவேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். 70,000க்கும் அதிகமான மக்கள் ஒரு சில நாட்களுக்குள் தாம் பிறந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்தோர் பலர் படகுகளிலே கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தனர். ஒரு சமூகம் தன் வீட்டையும் தோணியையும் பள்ளிவாசலையும் மையவாடியையும் விட்டுவிட்டுச் சிறு பொதியோடு கடலிறங்கியது. செய்தவர்கள் தமிழரின் விடுதலையின் பேராற் செய்தார்கள் என்பதே நாம் தலைகுனிய வேண்டிய செய்தி.

ராத்தாவின் வீட்டுத் திண்ணையிலே பாதி இழைத்த பாயொன்று, வார்ந்த ஓலை தொங்கியபடியே கிடந்தது. ஆளற்ற வீடுகளிலிருந்து கூரை ஓடுகளும் கதவுநிலைகளும் மறையத் தொடங்கிய நாட்களில், எங்கள் அம்மம்மா அந்த வீட்டுக்குப் போய் அதை எடுத்து வந்திருக்கிறார். பாதியில் நின்ற பாய் அவிழ்ந்துபோகும். இழைத்து முடித்தால்தான் நிற்கும். ஆகவே அந்த மாரிகாலத்தில் மிகுதியைத் தாமே இழைத்து விளிம்பு மடித்து வைத்திருக்கிறார். மூன்று பச்சை போடத் தெரியாமல் அல்ல. தம் கை தம் கையாகவே இருக்கட்டும் என்று எண்ணினாரோ என்னவோ, இரண்டே போட்டிருக்கிறார். "விரிக்கக்கூடாது" என்று அவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. நாங்கள் கருதியதுபோல அதிலே பெருமை இருக்கவில்லை. பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவரின் கூச்சமே இருந்தது. கொடுக்கவேண்டியவர் திரும்புமுன் அவர் இறந்துபோனார்.

அவரைப் போற்றுவதாக எண்ணி நாங்கள் செய்தது என்ன? ராத்தாவின் கோலத்தை இரு பக்கமும் எழுதி, அம்மம்மாவின் பெயரைக் கீழே எழுதினோம். ஒருவருடைய உழைப்பை மற்றவர் பெயரில் எழுதினோம். பெயருக்குரியவருடைய கையையோ அழகின் பொருட்டு அழித்துவிட்டோம். ஒரே தூரிகையால் இருவருக்கும் அநீதி செய்தோம். 1990ஐயும் சேர்த்தே அழித்தோம். முறிந்து நின்ற அந்த ஊதா வரிதான் எங்கள் தீவின் உண்மையான சரித்திரம். அதையே நாங்கள் பிழையென்று கருதித் திருத்தினோம்.

இதைச் சொல்லி ராத்தாவிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தேநீர் குடித்தார். எங்கள் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டார். எழுந்து போகும்போது அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்:

"பாய எடுத்து வச்சீங்க, சந்தோசம். நாங்க போன அண்டைக்கு ஒங்கட ஊரில ஒருத்தராவது, வேணாம், இது அநியாயமெண்டு சொன்னீங்களா?"

அம்மா தலையைக் குனிந்தார். துப்பாக்கிக்கு முன்னால் என்ன சொல்வது என்று நாங்கள் கேட்டிருக்கலாம். அச்சம் உண்மைதான். எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். எங்கள் ஊரும் இராணுவத்தின் குண்டுக்கும் புலிகளின் கட்டளைக்கும் இடையே கிடந்தது. அழுதுகொண்டு வழியனுப்பியவர்களும் இருந்தார்கள். ஆயினும் அச்சத்தினால் அன்று பேசாதிருந்த நாம், அச்சம் நீங்கிய பின்னர் எத்தனை ஆண்டுகள் பேசாதிருந்தோம்? 2009இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அந்த ஆண்டுக்குப் பின்னரும் நீடித்த மௌனத்துக்கு எந்தத் துப்பாக்கியைக் காரணம் காட்டுவது? ராத்தாவின் கேள்விக்கு நாங்கள் விடை சொல்லவில்லை. சொல்லத்தக்க விடை எங்களிடம் இருக்கவில்லை.

மக்கள் கலை என்றும், கிராமியக் கலை என்றும் நம்முடைய கூட்டங்களிலே பெருமையுடன் பேசுகிறோம். "இவை ஆக்கியோன் பெயர் அறியப்படாதவை, மக்கள் அனைவருக்கும் பொதுவானவை" என்று கூறி மேலே செல்கிறோம். பெயர் எழுதப்படாததனால் ஆக்கியவர் இல்லாமற் போய்விடுவாரா? ஒவ்வொரு கோலமும் ஏதோ ஒரு விடியற்காலையில், ஏதோ ஒரு பெண்ணின் விரலிற் பிறந்தது. அவள் அதை மகளுக்கோ அயலவளுக்கோ காட்டிக் கொடுத்தாள். மூன்று பச்சையும் இரண்டு பச்சையும் அவ்விருவருடைய கையெழுத்துகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் சொல்லும் பெண்கள் நம் வீட்டுத் தரையெல்லாம் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நாம் அவற்றின்மேல் நடந்திருக்கிறோம்.

போற்றுதல் மாத்திரம் போதுமா என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே கீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர் உண்டு. ஆற்றின் வளைவிலே கிடக்கும் அவ்வூரின் கறுப்பின மக்கள் அடிமைகளின் வழிவந்தவர்கள். வாக்குரிமை கேட்டு அவர்கள் எழுந்த காலத்தில், 1962இல், அக்கரைக்குச் செல்லும் படகுச்சேவை நிறுத்தப்பட்டது. அது மீண்டது 2006இலேயே. வாக்காளராகப் பதிந்த குற்றத்துக்காக வேலையும் குடியிருந்த நிலமும் இழந்தோர் அப்பகுதியிற் பலர். அங்குள்ள பெண்களும் அயலூர்ப் பெண்களும் 1966இல் "சுதந்திரப் போர்வைச் சங்கம்" என்ற கூட்டுறவை அமைத்துத் தங்கள் போர்வைகளை நியாய விலைக்கு விற்றார்கள். 2002இல் கீஸ் பெண்ட் போர்வைகள் நியூயோர்க்கின் ஓவியக்கூடத்தில் தொங்கின. 2006இல் அஞ்சல் முத்திரைகளிலும் ஏறின. ஓவியக்கூடத்தின் புகழுக்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே அப்பெண்கள் கூலியையும் உரிமையையும் கேட்டுச் சங்கம் கண்டார்கள் என்பதே நமக்குப் பாடம். சுவரில் ஏறும் கோலம் உழைத்தவளின் அடுப்புக்கு விறகாகாது.

நம் நாட்டிலே பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைந்தது. பனைவேலைப் பொருட்கள் நகரத்துக் கடைகளில் அழகுப் பொருட்களாக விற்கப்படுகின்றன. வீடுகளிலோ பிளாஸ்ரிக் பாய் விரிந்துவிட்டது. ராத்தாவின் பேத்தி இன்றும் ஓலை இழைக்கிறாள். ஓலைக்கும் சாயத்துக்கும் போனது போக, இரவெல்லாம் விழித்த உழைப்புக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று அவளிடம் கேட்டோம். பதிலுக்கு அவளும் சிரித்தாள். எங்கள் அம்மா சிரிக்கும் அதே சிரிப்பு.

பலகையைச் சுவரிலிருந்து இறக்கினோம். வலப்பாதியின் 288 கட்டங்களையும் வெள்ளையடித்து, பாயில் இருந்தது இருந்தவாறே மீண்டும் வரைந்தோம். பச்சை இரண்டு இரண்டாக வந்தது. நடுவிலே ஊதா வரி முறிந்து ஒரு கண் தள்ளி நின்றது. ராத்தாவின் பேத்தி வந்து அருகில் இருந்து கட்டங்களை எண்ணித் தந்தாள். மாணவன் ஒருவன், "சேர், இது வடிவாயில்லையே, பிழையாக் கிடக்கு" என்றான். "ஏன் பிழையாகக் கிடக்கிறது என்று கேட்பாயா?" என்று ஆசிரியர் கேட்டார். அவன் கேட்டான். அன்று பின்னேரம் வரை அந்தக் கொட்டிலடியிலே 1990 பற்றிய பாடம் நடந்தது. ஒரு சுவரடியில், வர்ணம் பூசிய கைகளோடு அந்தப் பிள்ளைகள் அதைக் கற்றார்கள்.

கீழே யார் பெயரை எழுதுவது என்று ராத்தாவிடம் கேட்டோம். "என்ட பேர் ரோட்டில வேணாம்" என்று மறுத்துவிட்டார். அவர் பெயரில்லாமல் அம்மம்மாவின் பெயர் மாத்திரம் நிற்பது நியாயமாகப் படவில்லை. ஆகவே அதையும் அழித்தோம். "இரண்டு கைகள் – 1990" என்று எழுதினோம். வீதியாற் போகிறவர்களுள் தீவின் மக்களுக்கு அந்த ஆண்டு விளங்குகிறது. சிலர் வாசித்துவிட்டு விரைவாகப் போய்விடுகிறார்கள். சிலர் நிற்கிறார்கள்.

பாயை ராத்தாவிடமே கொடுத்தோம். பாதி தம்முடையதல்லவே என்று அவர் தயங்குவார் என எண்ணினோம். அவர் தயங்கவில்லை. "பாயெண்டா விரிக்கத்தானே" என்று சொல்லி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். சில நாட்களின் பின் அவர் வீட்டுக்குச் சென்றபோது அது திண்ணையில் விரிந்து கிடந்தது; அதன்மேல் கொள்ளுப்பேரன் தவழ்ந்துகொண்டிருந்தான். இனி அது தேயும். தேயட்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களுமான நம் வாசகர்களிடம் ஒன்று கேட்கலாம் என்று துணிகிறோம். உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியின் கைவேலை கிடக்கும்: பாயோ, கடகமோ, பழஞ்சேலைத் துண்டுகளை ஒட்டித் தைத்த விரிப்போ. அதைப் போற்றுமுன்னர், அதை அவர் யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். கற்றுக்கொடுத்தவள் இன்று எங்கே இருக்கிறாள் என்றும் கேளுங்கள். சாதியின் பேரால், மதத்தின் பேரால், இனத்தின் பேரால் நாம் வேலிக்கு அப்பால் நிறுத்திய ஒருத்தியின் கையை உங்கள் வீட்டுக் கோலத்திலேயே நீங்கள் காணக்கூடும். அப்படிக் கண்டால் அதை ஒழுங்குபடுத்திவிடாதீர்கள்.

பலகையின் சிவப்பு வெயிலிலே மங்கத் தொடங்கிவிட்டது. அடுத்த சோளகத்துக்கு முன் மீண்டும் வர்ணம் பூசவேண்டும். ராத்தாவின் பேத்தி அதற்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ராத்தா கேட்ட கேள்வியை அவளும் அறிவாள். அவள் வரும்போது நாங்கள் விடையில்லாமல் நிற்கக்கூடாது.